நடுவில் ஒரு குரல்

அலுவலகக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தைக் காலி செய்தபோது, புதிய இடத்துக்கு எடுத்துப்போக மனமில்லாத சாமான்களை நடைவழியில் குவித்து வைத்தார்கள். அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியனுக்கு, குவியலில் கிடந்த ஒரு ஜோடி கறுப்புப் பெட்டிகள்மேல் கண் விழுந்தது.

"இதை நான் எடுத்துக்கவா சார்?"

"தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது ஸ்டுடியோ மானிட்டர். வீட்டு ஸ்பீக்கர் மாதிரி இனிப்பு தடவிக் குடுக்காது. உள்ளதை உள்ளபடி சொல்லும். கேக்கறவங்களுக்கு மனசு தாங்கணும்," என்றார் கூடத்துக்காரர்.

அந்தக் கடைசிப் பேச்சு எலக்ட்ரீஷியனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் நல்ல மனிதர். யாருக்காவது வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் சாப்பாட்டை நடுவில் விட்டுவிட்டு ஓடுவார். ஆனால் உண்மையை எங்கே சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் அவசரம் உண்டு. அவரைப் போலவே ஒரு ஜோடி ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்காதா?

ஒலிப்பதிவுக் கூடத்தின் வயர்கள் புதிய இடத்துக்குப் போய்விட்டன. அதனால் என்ன? வயர் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்று ஊசி வைத்த பிளக்குகளை வாங்கிவந்து, சமையலறை மேசைமேல் உட்கார்ந்து தாமே பற்றவைத்தார். ஒரு வயரைக் காலையில் முடித்தார். மற்றதைப் பாதியில் வைத்துவிட்டு யார் வீட்டு மோட்டாரையோ பார்க்கப் போய், சாயங்காலம் வந்து முடித்தார்.

வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே இரண்டு முக்காலிகள். அவற்றின்மேல் ஸ்பீக்கர்கள், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு. பின்பக்கம் காற்றுப் போக ஓட்டை இருக்கிறதாம், சுவரோடு ஒட்டக் கூடாதாம். அதனால் முக்காலிகள் அறையின் நடுப்பக்கமாக நகர்ந்து வந்துவிட்டன. நடக்கிறவர்கள் வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது. எதிரொலி அடங்குவதற்காகச் சுவரில் கனமான திரைத்துணி தொங்கியது. அது அவர் மனைவி வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் வெட்டி மீந்த துணி.

"ரேடியோவை ஒரு தட்டு தட்டினா பாடும். இதுங்களை ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒவ்வொண்ணா பின்னால போய் எழுப்ப வேண்டியிருக்கு," என்றாள் மனைவி. இரண்டுக்கும் சுவிட்ச் தனித்தனியாக முதுகுப்பக்கம் இருந்தது.

"எழுப்பினப்புறம் சும்மாவும் இல்லை அண்ணி. பாம்பு மாதிரி ஸ்ஸுங்குது," என்றாள் எலக்ட்ரீஷியனின் தங்கை. அவளும் அவர்களோடுதான் இருந்தாள். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் பிறருக்குப் பல் செய்வாள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு விளையாடுவாள். "பகல்ல பல்லைக் கட்டறா, சாயங்காலம் ஆளைச் சுடறா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு டீ," என்று அண்ணி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். நாத்தனாரும் அண்ணியும் எப்படி இருக்கக் கூடாது என்று உலகம் ஆயிரம் கதை வைத்திருக்கிறது. இவர்கள் அந்தக் கதைகளைக் கேட்டதே இல்லை போலும்.

முதல் சில நாட்கள் எலக்ட்ரீஷியன் உலகத்துப் பாடகர்களையெல்லாம் கூண்டில் ஏற்றி விசாரித்தார். எந்தப் பாட்டைப் போட்டாலும் வாத்தியங்கள் இரு பக்கமும் பளிச்சென்று கேட்டன. பாடுகிறவரின் குரல் மட்டும் சோகையாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது.

"பாத்தியா? இவரை நாம எவ்வளவு பெரிய பாடகர்னு நெனச்சோம்! குரல்ல கனமே இல்லை. இத்தனை நாளும் மத்த ஸ்பீக்கருங்க பூசி மெழுகி ஏமாத்தியிருக்கு."

"எல்லாருக்குமா கனம் இல்லை?" என்று தங்கை கேட்டாள்.

"எல்லாருக்கும்தான். இது குறையைக் காட்டற ஸ்பீக்கர். ஸ்டுடியோக்காரரே சொன்னாரு."

இத்தனை பாடகர்களுக்கும் ஒரே குறையா என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நமக்குக் கிடைத்த கண்ணாடி நல்ல கண்ணாடி என்று நம்பிவிட்டால், அப்புறம் எதிரே வருகிற முகமெல்லாம் கோணலாகத்தான் தெரியும்.

அவர் மனைவி பிரார்த்தனைக் கூடத்தின் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். ஓய்வு நாளில் கூடத்தில் பாடுவார்கள். சில சமயம், நீண்ட நாளாகப் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போய் அங்கே பாடுவார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் பாடுவதாக ஏற்பாடு. தாங்கள் வராத நாளிலும் அந்த இல்லத்தார் கேட்கட்டும் என்று குழுவின் பாட்டுகளைப் பதிவுசெய்து கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பாட்டில், எல்லோரும் நிறுத்தியபிறகு அவள் மட்டும் தனியாகப் பாடும் ஒரு வரி வரும்.

பாதை முடிகிற இடத்தில் நீயே வாசலாவாய்.

கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே போய் மெல்லத் தரையிறக்க வேண்டும். எளிய வரிதான். ஆனால் அவளுக்கு அது பாட்டு இல்லை, ஜபம். தையல் இயந்திரத்தில் துணி ஓடும்போதும் அவள் உதடு அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். இல்லத்தில் ஒரு தடவை அதைப் பாடியபோது, பல மாதமாகப் பேசாமல் இருந்த ஒருவர் "இன்னொரு தரம்" என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கடவுளுக்கு நன்றி சொல்லி அழுதாள். தான் உலகத்தில் எதற்காவது பயன்படுகிறோம் என்று அவளுக்குத் தோன்றிய நாள் அது.

பதிவை அவள் போனில் கேட்டுப் பார்த்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. மாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்தப் பாட்டை இதுல போடுங்களேன், கேப்போம்," என்றாள்.

எலக்ட்ரீஷியன் இரட்டைப் பிள்ளைகளை எழுப்பினார். குழு பாடத் தொடங்கியது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், ஒவ்வொருவரையும் தொட்டுவிடலாம் போலத் தெளிவாகக் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள். அவளுடைய வரி வந்தது.

வந்ததா? எங்கிருந்தோ ஒரு ஒல்லிக் குரல் சுவரைச் சுற்றிச் சுற்றி அலைந்தது. அதற்கு உடம்பே இல்லை. தலைக்குப் பின்னால் கேட்டது, பிறகு காதுக்குள் கேட்டது, எங்கேயும் நிற்கவில்லை. கடைசி எழுத்து இருந்ததா இல்லையா என்றே தெரியாமல் கரைந்துபோனது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "என் குரல் இப்படியா இருக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிற புருஷன் பாக்கியசாலி. எலக்ட்ரீஷியன் சொன்னார்.

"இதுல தப்பா நெனைக்க ஒண்ணுமில்லைம்மா. பெரிய பெரிய பாடகருங்க குரலே இதுல நிக்கல. போன் சர்க்கரை போட்டுக் குடுக்கும். இது போடாது. நிஜம் இதுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் "ம்" என்றாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து தையல் இயந்திரத்தின் பக்கத்தில் உதடு அசைவது நின்றுவிட்டது. வீட்டில் சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை, சாப்பாட்டில் உப்புக்கூடக் குறையவில்லை. ஆனால் பிரார்த்தனை நேரத்தில் அவள் வாய்விட்டுப் பாடாமல் கைகூப்பி மட்டும் நின்றாள். படுக்கையில் கிடக்கும் மனிதர்கள் முன்னால் இந்தக் குரலை வைத்துக்கொண்டா நின்றோம், இரக்கப்பட்டு அல்லவா கேட்டிருக்கிறார்கள் என்று அவள் மனம் குறுகிப்போனது. பேசாதிருந்தவர் "இன்னொரு தரம்" என்று கேட்டதும் அந்த இரக்கம்தானோ?

அடுத்த நாள் கடையிலிருந்தே பாட்டு வாத்தியாருக்குப் போன் செய்தாள்.

"வாத்தியாரே, அந்தத் தனி வரி எனக்கு வேண்டாம். மருந்துக்கடைக்காரம்மாவுக்குக் குடுத்துடுங்க."

"ஏம்மா, தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. குரல்தான் சரியில்லை."

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, அவங்ககிட்ட சொல்றேன். ஆனா சனிக்கிழமை ஒத்திகைக்கு நீ வந்தாகணும். வராம இருந்தா நான் வீட்டுக்கே வந்துடுவேன், எனக்கு டீ குடுக்கிற வேலை உனக்கு," என்றார்.

மருந்துக்கடைக்காரம்மா குழுவில் அவளுக்கு வலப்பக்கம் நிற்பவர். முன்பு அந்த வரியைப் பாடியவரும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். இவள் அந்த வரியைப் பாடும்போது, சரியாகக் கடைசி எழுத்து வரும் இடத்தில், அந்த அம்மாவின் புருவம் சுருங்கும். இவள் ஓரக்கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறாள். தன்னிடமிருந்து போன வரியைக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தாள். இப்போது அதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. 'பாவம், பக்கத்தில் நின்று இதைக் காதால் கேட்டவராயிற்றே!'

வீட்டில் இந்தப் போன் பேச்சு யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில் தங்கைக்குக் காதுவலி. லேபில் பல்லைத் தேய்க்கும் இயந்திரம் நாளெல்லாம் இரையும். காதை மூடும் உறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வாள். வீட்டுக்கு வந்தால் விளையாட்டுக்காக ஹெட்போன். பார்த்த டாக்டர், "காதுக்கும் கொஞ்சம் காத்து வேணும்மா. கொஞ்ச நாளைக்கு ஹெட்போனைத் தூக்கி வை," என்றார்.

"அதனால என்ன, என் ஸ்பீக்கர்ல விளையாடு. எதிரி எறும்பு மாதிரி நடந்தாலும் கேக்கும்," என்றார் அண்ணன்.

அவள் முக்காலிகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அந்த விளையாட்டில் பாதி வேலை காதுக்குத்தான். எவன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று காலடி ஓசையைக் கேட்டே தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும். அவள் திறமைசாலி. ஆனால் அன்று அடிமேல் அடி வாங்கினாள்.

"செத்துட்டேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடியும் செத்துட்டேன்."

"பகவானே, வீட்டுல விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுடி இது," என்றாள் அண்ணி, உள்ளேயிருந்து.

"நான் என்ன பண்றது அண்ணி? எல்லாரும் நேரா முன்னால வந்து சுடறானுங்க. ஒருத்தன் வர்றதும் கேக்கலை."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றார் அண்ணன், நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

"கூடம் கோணல்தான் அண்ணா! இடது பக்கம் வர்றவன் கேக்கறான். வலது பக்கம் வர்றவனும் கேக்கறான். நடுவுல வர்றவன் மட்டும் எங்கேயிருந்து வர்றான்னே தெரியலை. காலடிச் சத்தம் மண்டையைச் சுத்தி அலையுது."

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். மண்டையைச் சுற்றி அலைகிற குரல் ஒன்றை அதே அறையில், அதே ஸ்பீக்கரில் சில நாள் முன்பு அவள் கேட்டிருந்தாள். அன்றிலிருந்து அண்ணி பாடவில்லை என்பதையும் அவள் கவனித்திருந்தாள். கேட்டால் வலிக்குமோ என்று கேட்காமல் இருந்தாள்.

அவள் விளையாட்டை மூடிவிட்டு, பாட்டுக் குழுவின் பதிவைப் போட்டாள். அண்ணியின் வரி வரும் இடத்துக்கு நகர்த்தினாள். அதே உடம்பில்லாத குரல். எழுந்துபோய் இடப்பக்க ஸ்பீக்கரின் முதுகில் கைவிட்டு சுவிட்சை அணைத்தாள். மறுபடியும் போட்டாள்.

வலப்பக்க ஸ்பீக்கரிலிருந்து அண்ணி பாடினாள். முழுக் குரல். மார்பிலிருந்து எழுந்து வரும் குரல்.

இப்போது இதை அணைத்து அதைப் போட்டாள். அதிலும் முழுக் குரல். இரண்டையும் சேர்த்துப் போட்டாள். குரல் போய்விட்டது.

"அண்ணா, பேப்பரை வை. தனித்தனியா ரெண்டும் ஒழுங்காப் பாடுது. சேர்ந்தா மட்டும் அண்ணியைக் காணோம். ஒண்ணு முன்னால தள்ளறப்போ இன்னொண்ணு பின்னால இழுக்குது. நீ வயரை என்ன பண்ணினே?"

"நான் பத்தவெச்ச வயர்ல குத்தம் சொல்ல ஆளு பொறந்துதான் வரணும்."

"பொறந்தாச்சு. உனக்குப் பின்னாலயே பொறந்தேன். கழட்டு."

எலக்ட்ரீஷியன் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வயர்களையும் மேசைமேல் கொண்டுவந்து பிளக்குகளைத் திறந்தார். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். மறுபடியும் முதலாவதைப் பார்த்தார்.

ஒன்றில் சிவப்புக் கம்பி இரண்டாம் ஊசியிலும் வெள்ளை மூன்றாம் ஊசியிலும் இருந்தன. மற்றதில் அவை இடம் மாறியிருந்தன.

"கரண்ட்ல இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை," என்றார் கடைசியில், யாருக்கென்று இல்லாமல். "பல்புக்கு எந்தக் கம்பி எந்தப் பக்கம் போனாலும் எரியும். ஆயிரம் பல்பு மாட்டியிருக்கேன். அதே கைதான் இதையும் செஞ்சுது."

"பல்பு எரியும் அண்ணா. அண்ணி எரியலையே."

தங்கை வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. 'நிஜம் இதுதான்' என்று தாம் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அதைக் கேட்டவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போன விதமும் நினைவு வந்தது. ஸ்பீக்கர் உள்ளதை உள்ளபடிதான் சொல்லியிருக்கிறது. அவர் கையிலிருந்த கோணலை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அவர்தான் அதை மனைவியின் கணக்கில் எழுதிவிட்டார்.

கம்பிகளை உருக்கி எடுத்து, ஊசியைத் துடைத்து, ஒன்றைப் பார்த்து ஒன்றை வைத்து மறுபடியும் பற்றவைத்தார். மாட்டினார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கொஞ்சம் வரியாம்மா?"

"அடுப்புல வேலை இருக்கு."

"அடுப்பை அணைச்சுட்டு வா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வாக்கியத்தை அவள் அவர் வாயால் கேட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தங்கை அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

குழு பாடியது. நிறுத்தியது. இரண்டு முக்காலிகளுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில், திரைத்துணிக்கு முன்னால், ஒரு பெண் வந்து நின்றாள்.

பாதை முடிகிற இடத்தில்...

அப்படித்தான் இருந்தது. கைநீட்டினால் தொட்டுவிடலாம். அலங்காரம் இல்லாத, கொஞ்சம் கரகரப்பான, உடம்புள்ள குரல்.

"யாரது?" என்றாள் அவள், தன்னை அறியாமல்.

"அண்ணி, நீங்கதான்!"

எலக்ட்ரீஷியன் மனைவியின் பின்னால் நின்றுகொண்டார். முகத்துக்கு நேரே சொல்ல அவருக்குக் கூச்சம். "அன்னிக்கு நான் சொன்னது நிஜம் இல்லைம்மா. கம்பியை மாத்தி வெச்சுட்டேன். வயரைப் பாக்காம உன்னைப் பாத்துப் பேசிட்டேன். மன்னிச்சிடு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோள்மேல் இருந்த அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உலகத்துப் பாடகருங்ககிட்டயும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்க," என்றாள். மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின், "அந்த இடத்தை இன்னொரு தரம் போடு," என்றாள் தங்கையிடம்.

அவளுக்கு ஏதோ இடித்தது. கடைசி எழுத்தை இழுக்கும்போது பாதியில் மூச்சு முட்டும் என்பது அவளுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் குரல் அறுந்துவிடுமோ என்று பயந்துகொண்டுதான் பாடுவாள். எப்படியோ அறுந்ததில்லை. கடவுள் தாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

தங்கை மறுபடியும் போட்டாள். மூவரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள்.

"அண்ணி," என்றாள் தங்கை மெதுவாக, "இங்க பாருங்க. உங்க மூச்சு நிக்குது. பாட்டு நிக்கலை."

ஆமாம். அந்த வரியில் அதுவரை இவள் குரல் ஒன்றுதான். மூச்சு முட்டும் இடம் வருவதற்குச் சற்று முன்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, இன்னொரு குரல் ஓசைப்படாமல் உள்ளே வருகிறது. தாழ்ந்த, பழகிய குரல். இவள் மூச்சு வாங்கும் அந்தக் கண நேரம் அது எழுத்தைக் கையில் ஏந்திக்கொள்கிறது. இவள் திரும்ப வந்ததும் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறது. கதவைச் சாத்தும் சத்தம்கூட இல்லை.

கேட்பவருக்கு இடப்பக்கம் என்றால், எதிரே நின்று பாடுகிறவளுக்கு வலப்பக்கம். அங்கே நிற்பவர் யார் என்று அவளுக்குத் தெரியாதா? புருவம் ஏன் சுருங்குகிறது என்பதும் இப்போது தெரிந்தது. தன் குரல் வெளியே தெரியாமல், இவள் குரலின் உயரத்துக்குச் சரியாகப் பிடித்து, அவ்வளவு மெல்லப் பாடுவது சுலபமா? யாருக்கானாலும் புருவம் சுருங்கத்தான் செய்யும்.

கடவுள் தாங்குகிறார் என்று அவள் நினைத்ததில் தவறில்லை. அவர் எந்தக் கையால் தாங்குகிறார் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

அப்போதுதான் அவள், வாத்தியாரிடம் வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டதை வீட்டில் சொன்னாள். எலக்ட்ரீஷியனுக்கு முகம் செத்துப்போயிற்று. "இப்பவே போன் பண்ணிக் கேக்கறேன். நான் கெடுத்தது, நானே பேசறேன்."

"வேண்டாங்க. குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அவங்களுக்கும் ஆசை இருக்காதா? அவங்க பாடின வரிதானே அது," என்றாள் அவள். "ஆனா அவங்களைப் போய்ப் பாக்கணும்."

மருந்துக்கடை, பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. சனிக்கிழமை, ஒத்திகைக்கு முன்னால் அவள் போனபோது, மருந்துக்கடைக்காரம்மா ஒரு பெரியவருக்கு மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது புருவம் சுருங்கியிருந்தது. பெரியவர் போனதும் இவளைப் பார்த்தார்.

"என்னம்மா, தொண்டைக்கு ஏதாவது வேணுமா? வாத்தியார் சொன்னாரு."

"மருந்துக்கு வரலைக்கா. நன்றி சொல்ல வந்தேன்."

"எதுக்கு? போன மாசம் தும்மலுக்குக் குடுத்த மாத்திரைக்கா?"

"அந்த வரிக்கு. எனக்கு மூச்சு முட்டற இடத்துல நீங்க பாடறீங்களே, அதுக்கு."

மருந்துக்கடைக்காரம்மா கல்லாவின்மேல் கிடந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். "அது உனக்குக் கேக்குதா என்ன? கேக்காத மாதிரிதானே பாடினேன்."

"நிக்கிற இடத்துல கேட்டதில்லைக்கா. எங்க வீட்டுல ஒரு ஸ்பீக்கர் வந்திருக்கு. அது காட்டிக்குடுத்துடுச்சு."

"பொல்லாத ஸ்பீக்கரா இருக்கும் போலிருக்கே. எங்க வீட்டுக்கெல்லாம் கொண்டுவந்துடாதே," என்று சிரித்தார். பிறகு பெட்டிகளை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார். "நான் பாடின காலத்துல ஒரு தரம் சரியா அந்த இடத்துல நின்னுபோச்சும்மா. கூடம் நெறைய ஆளுங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. எனக்கு மூச்சு திரும்பி வரவே மாட்டேங்குது. அந்த நிசப்தம் இருக்கே, அது இன்னொருத்தருக்கு வேண்டாம்னு தோணிச்சு. அவ்வளவுதான். பெரிய விஷயமா ஆக்காதே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, பாட்டை விட்டுட்டு அந்த இடத்தையே நெனச்சுக்கிட்டுப் பாடுவே. தெரியாம இருந்தாத்தான் அது உதவி. தெரிஞ்சா கடன்."

"நாளைக்கு நீங்க பாடுங்கக்கா. நான் பக்கத்துல இருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். வரியைத் திருப்பிக் கேட்க வரவில்லை என்பது புரியட்டும் என்று அதை உறுதியாகவே சொன்னாள்.

"சரிம்மா," என்றார் மருந்துக்கடைக்காரம்மா. அடுத்து ஒருவர் சீட்டோடு வந்து நின்றதால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒத்திகைக்கு எலக்ட்ரீஷியனும் தங்கையும் கூடவே வந்தார்கள். வழக்கமாக அவர் வாசலோடு நின்று பிரார்த்தனைக் கூடத்தின் விளக்குகளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று உள்ளே வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண் விளக்குப் பக்கம் போகவே இல்லை. மனைவி நாளைக்குப் பாடமாட்டாள், தாம் அவளிடமிருந்து எடுத்தது திரும்பி வராது என்பதுதான் அவர் நெஞ்சில் இருந்தது.

குழு வரிசையாக நின்றது. வாத்தியார் கையை உயர்த்தினார். பாட்டு தொடங்கி, ஏறி, பரந்து, ஒரே இடத்தில் எல்லோருக்குமாக நின்றது. இனி தனி வரி. வாத்தியார் மருந்துக்கடைக்காரம்மாவைப் பார்த்துக் கையசைத்தார்.

அவர் பாடவில்லை.

வாத்தியார் மறுபடியும் கையசைத்தார். மருந்துக்கடைக்காரம்மா வாயை இறுக மூடிக்கொண்டு, தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். புருவம் சுருங்கியிருந்தது. கண் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் எந்த நிசப்தத்துக்கு அவ்வளவு பயந்தாரோ, அந்த நிசப்தத்துக்குள் இப்போது தாமே விரும்பி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமானாலும் நிற்கத் தயார் என்பதுபோல நின்றார்.

அதைப் பார்த்தபின் அவரை எப்படி அப்படியே நிற்கவிடுவது?

"பாதை முடிகிற இடத்தில்," என்று அவள் பாடினாள்.

முதல் சொல்லில் குரல் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவதில் நின்றுகொண்டது. கடைசி எழுத்து வந்தது, நீண்டது, மூச்சு முட்டும் இடமும் வந்தது. அவள் பயப்படவில்லை. நிறுத்தி, மார்பு நிறைய மூச்சு வாங்கினாள். பக்கத்திலிருந்து தாழ்ந்த குரல் ஒன்று எழுத்தை ஏந்திக்கொண்டது. இந்தத் தடவை அவள் அதைக் காதால் கேட்டாள். திரும்பி வந்து வாங்கிக்கொண்டாள்.

முடிந்ததும் வாத்தியார் கையை இறக்கி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும்மா பாடறீங்க? அதை முதல்ல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டு வரக் கூடாதா?"

"முடிவு பண்ணியாச்சு வாத்தியாரே," என்றார் மருந்துக்கடைக்காரம்மா. "அடுத்த பாட்டுக்குப் போங்க."

கடைசி வரிசையில் எலக்ட்ரீஷியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துது அண்ணா?" என்று தங்கை காதருகே கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருந்துது," என்றார்.